புல்லட்டுக்கு 12 வோல்ட் போட்டது குற்றமா?



போன வாரம் நம்ம புல்லட் படத்தைப் போட்டு, "6 வோல்ட்டிலிருந்து 12 வோல்ட்டுக்கு மாற்றியாச்சு" என்று ஒரே ஒரு வரி எழுதினேன். அதற்கு வந்த பதில்களைப் பார்த்தால் நான் ஏதோ கோயில் சிலையை விற்றுவிட்டேன் போலிருக்கிறது. "சார், நீங்களுமா?" என்று ஒருவன். "பெரியப்பா, தாத்தா வண்டியை இப்படிக் கெடுத்துட்டீங்களே" என்று தம்பி மகன். பெங்களூரில் இருக்கும் ஒரு மாணவர், "ஒரிஜினாலிட்டி போச்சு, வண்டி மதிப்பில் பாதி போச்சு" என்று கணக்கே போட்டுவிட்டார். இன்னொருவர் சட்டத்தை எடுத்து நீட்டுகிறார். தனித்தனியாகப் பதில் தட்ட விரல் வலிக்கிறது. எல்லாருக்கும் சேர்த்து இங்கேயே சொல்கிறேன்.

முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். பொங்கலுக்கு முந்தின வாரம் மேலூரில் ஒரு துக்க வீடு. நானும் உங்கள் டீச்சரம்மாவும் புல்லட்டில்தான் போனோம். திரும்பும்போது ராத்திரி எட்டரை. நரசிங்கம்பட்டி தாண்டி வருகிறோம். எதிர்த் திசையில் வருகிற பஸ், லாரி விளக்கெல்லாம் கண்ணைப் பறிக்கிறது. என் விளக்கோ கார்த்திகை அகல் மாதிரி மினுக்குகிறது. முன்னால் ஏதோ கறுப்பாக நிற்பது போலத் தெரிந்து ஆக்ஸிலேட்டரைக் குறைத்தேன். குறைத்ததும் வெளிச்சமும் சேர்ந்து குறைந்தது. பிரேக்கை மிதித்தேன், பிரேக் லைட்டும் தன் பங்குக்குக் கரண்டை இழுத்தது, முன்விளக்கு செங்கல் நிறத்துக்கு வந்துவிட்டது. கரும்பு ஏற்றிக்கொண்டு பஞ்சராகி நின்ற டிராக்டர் அது. பின்னால் சிவப்பு விளக்கும் இல்லை, ஒட்டு வில்லையும் இல்லை. வண்டி நின்றபோது கரும்புத் தோகை என் நெற்றியை உரசிக்கொண்டிருந்தது.

டீச்சரம்மா வீடு வரும் வரை ஒரு வார்த்தை பேசவில்லை. கேட்டைத் திறக்கும்போது, "அடுத்த தடவை நான் பஸ்ஸில் வந்துக்கிறேன்" என்றார். அவ்வளவுதான். முப்பத்தைந்து வருஷம் மின்னியல் பாடம் நடத்தியவனுக்கு அதைவிட அவமானம் வேண்டுமா?

இப்போது பாடத்துக்கு வருவோம். பத்தாம் வகுப்பில் நான் பலகையில் எழுதிப்போட்டதுதான். திறன் என்பது மின்னழுத்தம் பெருக்கல் மின்னோட்டம். 35 வாட் பல்பு 6 வோல்ட்டில் எரிய ஏறக்குறைய 6 ஆம்பியர் வேண்டும். அதே 35 வாட், 12 வோல்ட்டில் 3 ஆம்பியருக்கும் கொஞ்சம் குறைவு. ஐம்பது வருஷத்து ஒயர், பச்சை பூத்த ஸ்விட்ச், துருப்பிடித்த எர்த் எல்லாம் சேர்ந்து வழியில் 0.1 ஓம் மின்தடை என்று வைத்துக்கொள்வோம். 6 ஆம்பியர் அதில் போனால் 0.6 வோல்ட் வழியிலேயே காலி. 6-ல் 0.6 போனால் பத்து சதவீதம். 12 வோல்ட்டில் போவது 0.3 தான், அதாவது இரண்டரை சதவீதம்.

"பத்து சதவீதம்தானே சார்" என்பீர்கள். இழை பல்பு அப்படி நேர் விகிதத்தில் நடந்துகொள்ளாது. மின்னழுத்தம் பத்து சதவீதம் குறைந்தால் வெளிச்சம் ஏறத்தாழ முப்பது சதவீதம் விழுந்துவிடும். டிராக்டர் முதலில் தெரியாமல் பிறகு திடீரென்று தெரிந்ததற்கு என் வயசு மட்டும் காரணம் இல்லை. (கண்ணாடியும் மாற்றிவிட்டேன், அதையும் ஒப்புக்கொள்கிறேன்.)

"அந்தக் காலத்தில் இதே 6 வோல்ட்டில்தானே தாத்தா ஓட்டினார்?" ஓட்டினார். 1971-ல் எங்கப்பா இந்த வண்டியை வாங்கியபோது ஒத்தக்கடை எப்படி இருந்தது தெரியுமா? ஆனைமலைக்குக் கீழே ரெண்டு டீக்கடை, விவசாயக் கல்லூரி, சந்தை. ஹைகோர்ட் கிளை 2004-ல்தான் வந்தது. நாலுவழிச் சாலை கிடையாது. எதிரே வருவது மாட்டுவண்டி, அதன் அடியில் ஆடும் அரிக்கேன் லாந்தர். எல்லாரும் மங்கலாக இருந்தபோது மங்கல் விளக்கு போதும். இன்றைக்கு அப்படியா? 2017 ஏப்ரலிலிருந்து புதிதாக வரும் டூவீலருக்கெல்லாம் பகலிலேயே விளக்கு எரிய வேண்டும் என்று விதி. பகலிலேயே கண்ணில் படவேண்டும் என்று சர்க்காரே சொல்லும் ரோட்டில், ராத்திரி அகல்விளக்கோடு போவதற்குப் பெயர் பாரம்பரியமா?

அடுத்து ஒரிஜினல் கட்சி. புல்லட்டின் ஊர் இங்கிலாந்தில் ரெட்டிச். 1955-ல் மெட்ராஸ் மோட்டார்ஸோடு கூட்டுச் சேர்ந்து திருவொற்றியூரில் செய்ய ஆரம்பித்தார்கள். தாய்க் கம்பெனி அங்கே மூடிப்போன பிறகும் இங்கே ஓட்டம் நிற்கவில்லை. அந்தத் திருவொற்றியூர் ஆலையே பிற்பாடு இதே புல்லட்டை 12 வோல்ட்டுக்கு மாற்றித்தான் விற்றது. பெற்ற தாயே பேர் மாற்றிக் கூப்பிட ஆரம்பித்த பிறகு, பக்கத்து வீட்டுக்காரர் பழைய பேர்தான் சரி என்று சண்டை பிடித்தால் என்ன செய்ய?

சட்டம் பேசியவருக்கும் ஒரு வார்த்தை. மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரம் கம்பெனி கொடுத்த விவரத்துக்கு மாறாகப் போகும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. உங்கள் ஆர்.சி. புக்கை எடுத்துப் பாருங்கள், வோல்ட் என்று ஒரு கட்டம் இருக்கிறதா? 2021-ல் வந்த விண்டேஜ் விதியும் அப்படித்தான். ஐம்பது வருஷத்துக்கு மேற்பட்ட வண்டி அசல் வடிவில் இருக்க வேண்டும், சேஸி, பாடி, இன்ஜினில் பெரிய மாற்றம் கூடாது என்கிறது. அதில் இன்னொன்றும் இருக்கிறது. விண்டேஜ் என்று பதிந்த வண்டியை அன்றாடம் ரோட்டில் ஓட்ட முடியாது. எனக்குக் காய்கறி வாங்க வண்டி வேண்டும். ஷோகேஸில் வைக்க வேண்டாம்.

மதிப்புக் கணக்கு போட்ட பெங்களூர்க்காரருக்கு: தம்பி, நான் விற்கப் போவதில்லை. கணக்கு முடிந்தது.

ஆனால் ஒரிஜினல்காரர்கள் சொல்வதில் ஒன்று உண்மை. அறுத்த ஒயரை ஒட்டவைக்க முடியாது. நான் முதலில் கொண்டுபோன பட்டறையில் கட்டிங் பிளேயரை எடுத்துக்கொண்டு பழைய ஒயரிங்கைக் கொத்தோடு வெட்ட வந்தார்கள். "எல்லாம் புதுசு போட்டுடலாம் சார், இது குப்பை." வண்டியைத் தள்ளிக்கொண்டே வீட்டுக்கு வந்துவிட்டேன். பிறகு என் பழைய மாணவன் ஒருவனும் நானும் மூன்று ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தோம். ஒவ்வொரு இணைப்புக்கும் துணிப்பட்டை கட்டி எண் போட்டு, படம் எடுத்து, பழைய கொத்தை முழுசாக உருவி எடுத்தோம். அதே நீளத்தில் புதுக் கொத்து கட்டினோம். ஃப்ரேமில் ஒரு துளைகூடப் போடவில்லை. ஹெட்லைட் மேலே அந்த ஆம்பியர் மீட்டரும் அப்படியே இருக்கிறது. உதைக்குமுன் முள் நடுவுக்கு வருவதைப் பார்த்து டிகம்ப்ரஸரை அமுக்கும் சுகத்தை நான் விட்டுக்கொடுப்பேனா?

செய்யப் போகிறவர்களுக்கு: பேட்டரியை மட்டும் 12-க்கு மாற்றிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்காதீர்கள். இக்னிஷன் காயில் 6 வோல்ட்டுக்குச் சுற்றியது. அதில் 12 கொடுத்தால் மின்னோட்டம் இரட்டிப்பு, சூடு நாலு மடங்கு. காயில், பல்புகள், ஹார்ன், ரெகுலேட்டர் எல்லாமே மாற வேண்டும். பழைய பிரிட்டிஷ் வண்டிகள் பலவற்றில் பாசிட்டிவ் முனைதான் பாடியில் எர்த். அதைப் பார்க்காமல் இன்றைய ரெகுலேட்டரை மாட்டினால் கண்மூடித் திறப்பதற்குள் புகைந்துவிடும். ஃபியூஸ் கட்டாயம் போடுங்கள், பெட்ரோல் டாங்குக்குக் கீழே ஓடும் ஒயர் அது.

இப்போது எதிர்க் கட்சிக்கு வருகிறேன், என்னைப் பாராட்டிய ஆட்களுக்கு! "சூப்பர் சார், இனி 100 வாட் ஹாலோஜன் போடுங்க" என்று ஒருவன். "நான் வெள்ளை எல்.இ.டி. போட்டிருக்கேன் மாமா, பகல் மாதிரி இருக்கும்" என்று தங்கச்சி மகன். 12 வோல்ட் என்று பேர் வைத்ததால் ஆற்றல் கூடிவிடாதுடா. ஆற்றல் பிறப்பது ஆல்டர்னேட்டரில். அது தருவதைவிட அதிகமாக இழுத்தால் பேட்டரி உட்கார்ந்துவிடும், பிளக்கில் பொறி வராமல் நடுரோட்டில் தள்ளிக்கொண்டு நிற்பாய். உன் எல்.இ.டி.யோ அதைவிட மோசம். அந்த ரிஃப்ளெக்டர் ஒரு சிறு இழை இருக்கும் இடத்தைக் கணக்குப் பண்ணிச் செய்தது. அங்கே பொருந்தாத எல்.இ.டி.யைச் சொருகினால் வெளிச்சம் ரோட்டில் விழாது, எதிரே வருகிறவர் கண்ணில்தான் விழும். விடியற்காலையில் மாட்டுத்தாவணி மார்க்கெட்டுக்குப் பூக்கூடையோடு மொபெட்டில் போகிற அம்மாக்கள் உன் விளக்கைப் பார்த்து ரெண்டு நிமிஷம் குருடாகிறார்கள். டிராக்டர் என்னை ஏமாற்றியது போல நீ அவர்களை ஏமாற்றுகிறாய். உனக்குத் தெரிகிறது என்பதற்காக அடுத்தவன் கண்ணை அவிப்பாயா?

பழைய ஒயரிங், காயில், ஹார்ன் எல்லாம் எண் போட்டு ஒரு பிஸ்கட் டின்னில் பரணில் இருக்கிறது. என் காலத்துக்குப் பிறகு தம்பி மகனுக்குத் தாத்தா வண்டி தாத்தா வண்டியாகவே வேண்டுமென்றால், மூன்று ஞாயிற்றுக்கிழமை செலவழித்து அவனே மாட்டிக்கொள்ளட்டும். வரைபடமும் டின்னுக்குள்ளேயே வைத்திருக்கிறேன்.

போன செவ்வாய்க்கிழமை ராத்திரி மேலூர் வரை ஒரு நடை போய்வந்தோம். டீச்சரம்மா பின்னால்தான் உட்கார்ந்து வந்தார்.

தங்கச்சி மகனே, ஞாயிற்றுக்கிழமை வா. அந்த எல்.இ.டி.யைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு வா.