வெட்டுப்பட்ட சொல்லும் வளராத பெட்டியும்

எங்களில் ஒருத்தியின் அம்மா போன மாதம் கரண்ட் பில் கட்டுவதற்கு ஒரு செயலியைத் திறந்தா. அவவின் போனில் மொழி தமிழ். எழுத்தையும் பெரிதாக்கி வைத்திருக்கிறா, கண்ணாடி போட்டாலும் சின்ன எழுத்து தெரியிறதில்லை. கடைசித் திரையில் பக்கத்துப் பக்கமாக இரண்டு பட்டன்கள். ஒன்றில் “கட்டணத்தை...” மற்றதிலும் “கட்டணத்தை...”. ஒன்று செலுத்த, மற்றது இரத்துச் செய்ய. எது எதுவெண்டு தெரியாமல் போனைத் தூக்கிக்கொண்டு மகளிட்ட வந்தா. மகள் காட்டிக் கொடுத்த பிறகு அம்மா சொன்னது இவ்வளவுதான்: “இதை இங்கிலிசுக்கு மாத்தி விடன் பிள்ளை.”

அம்மாவுக்கு இங்கிலிஸ் பெரிதாக வாசிக்க வராது. ஆனால் இங்கிலிசில் இரண்டு பட்டனும் இரண்டு வித்தியாசமான சொல்லாக, முழுசாகத் தெரியும். அதுதான் எங்களுக்கு உறைத்தது.

செயலிக்குத் தமிழ் போட்டிருக்கிறார்கள், மொழிபெயர்ப்பும் பிழையில்லை. பிழை எங்கே எண்டால், அந்தச் சொல் இருக்கும் பெட்டியின் அளவில். எங்களில் சிலர் செயலி செய்யிற வேலையில் இருக்கிறம். அதனால் இதை வெளியில் நின்று குறை சொல்ல முடியாது. இதே பிழையை நாங்களும் செய்திருக்கிறம்.

அது எப்படி நடக்குது? திரையில் ஒரு பட்டனை வைக்கும்போது அதன் அகலமும் உயரமும் என்ன என்று சொல்ல வேண்டும். அதை மூன்று விதமாகச் சொல்லலாம். ஒன்று, இத்தனை அலகு என்று நிலையாகக் கொடுப்பது. இரண்டு, திரையில் இத்தனை பங்கு என்று கொடுப்பது. மூன்று, உள்ளே இருக்கிற எழுத்துக்கு எவ்வளவு தேவையோ அவ்வளவு எடு என்று விட்டுவிடுவது. அண்ட்ரோய்ட்டில் இந்த மூன்றாவதற்கு ‘ராப் கொன்டென்ட்’ என்று பெயர்.

முதலாவதில் பழைய சிக்கல் ஒன்று இருந்தது. பிக்சலில் அளவு கொடுத்தால் போனுக்குப் போன் மாறும். 300 பிக்சல் அகலமான பட்டன், அங்குலத்துக்கு 160 பிக்சல் உள்ள திரையில் ஏறத்தாழ 2 அங்குலம். 480 பிக்சல் உள்ள திரையில் அரை அங்குலத்தை விடச் சற்றுக் கூட, அவ்வளவுதான். இதற்காகத்தான் அண்ட்ரோய்ட்டில் ‘டிபி’ என்ற அலகு வந்தது. 160 திரையில் 1 டிபி என்பது 1 பிக்சல், 480 திரையில் 3 பிக்சல். ஆகவே பட்டன் எந்தப் போனிலும் கையளவுக்கு ஏறத்தாழ ஒரே பருமனில் இருக்கும். ஐபோனில் ‘பொயின்ட்’ செய்யிறதும் இதே வேலைதான்.

இதைப் படிச்சவுடன் நாங்கள் எல்லாரும் பிரச்சினை முடிஞ்சுது எண்டு நினைக்கிறம். முடியேல்லை. டிபி பார்க்கிறது திரையை மட்டும்தான். 100 டிபி அகலத்தில் “கட்டணத்தைச் செலுத்து” வெட்டுப்பட்டால், அது எல்லாப் போனிலும் ஒரே மாதிரி ஒழுங்காக வெட்டுப்படும்.

அதோடு எழுத்துக்கு வேறு அலகு இருக்கு, ‘எஸ்பி’. பாவிக்கிற ஆள் அமைப்புகளில் எழுத்தைப் பெரிதாக்கினால் எஸ்பியும் கூடும். 2023 இல் வந்த அண்ட்ரோய்ட் 14 இல் இருந்து எழுத்தை 200 வீதம் வரை பெரிதாக்கலாம். எழுத்து எஸ்பியில் வளருது, பெட்டி டிபியில் அப்படியே நிற்குது. அம்மாவுக்கு நடந்தது இதுதான்.

அப்படியெண்டால் பங்கு கணக்கில் கொடுத்தால் சரியோ? அதுவும் பாதிதான். இரண்டு பட்டனுக்கும் அரைவாசி அரைவாசி என்று திரையைப் பிரித்தால் பெரிய போனில் வடிவாக இருக்கும். சின்னப் போனில் அரைவாசி என்பது ஒரு நீளமான தமிழ்ச் சொல்லுக்குக் காணாது. உயரத்தைத் திரையில் பத்திலொரு பங்கு என்று கொடுத்தால், போனைச் சரித்துப் பிடித்தவுடன் பட்டன் நசுங்கிப் போகும். நிலையான அளவு வடிவமைத்தவரின் மேசையைப் பார்த்து எடுத்தது. பங்கு அளவு திரையைப் பார்த்து எடுத்தது. இரண்டுமே சொல்லைப் பார்க்கேல்லை.

தமிழுக்கு இது ஏன் கூடுதலாக உறைக்குது? எங்கட எழுத்துகள் அகலம். ‘ணை’, ‘னௌ’ எல்லாம் இடம் கேட்கும். அகலம் மட்டுமில்லை, மேலே புள்ளியும், கீழே ‘கூ’, ‘மு’ போன்றவற்றின் வளைவும் இருக்கு. உயரத்தைப் பூட்டினால் புள்ளி அரைவாசியில் அறுபடும். புள்ளி போனால் ‘க்’ ‘க’ ஆகும், சொல் வேறாகும்.

அண்ட்ரோய்ட்டின் கதையே இதற்குச் சாட்சி. தமிழ், கன்னடம், மலையாளம், தாய், அரபு போன்ற உயரம் கூடிய எழுத்துகளுக்கு அதில் நீண்ட காலமாக ஒரு ஒடுக்கமான எழுத்துரு இயல்பாக வைக்கப்பட்டிருந்தது. திரை அமைப்புகள் குலையாமல் இருக்கத்தான் அப்படி. அதாவது பெட்டி வளராது, ஆகவே எழுத்தை ஒடுக்கினார்கள். 2024 இல் வந்த அண்ட்ரோய்ட் 15 இல், அந்தப் பதிப்புக்கெனச் செய்யப்படும் செயலிகளில்தான் நல்லாக வாசிக்கக்கூடிய உயரமான எழுத்துரு இயல்பாக வருகிறது. இப்ப எழுத்து நிமிர்ந்து நிற்கத் தொடங்கியிருக்கு. நாங்கள் பட்டன் உயரத்தை 40 டிபி எண்டு பூட்டி வைத்திருந்தால் அதை இன்னொருக்கா நசுக்கிறது நாங்கள்தான்.

நிலையான அளவே கூடாது எண்டு நாங்கள் சொல்லேல்லை. ஐகன், ஓரத்து இடைவெளி, பிரிக்கிற கோடு எல்லாம் நிலையாக இருக்கிறதுதான் நல்லது. விரலின் பருமன் மொழியைப் பார்த்து மாறாது. அதனால்தான் தொடுகிற இடம் ஆகக் குறைந்தது 48 டிபி இருக்க வேண்டும் என்று கூகிளும், 44 பொயின்ட் என்று அப்பிளும் சொல்கின்றன. கவனியுங்கோ, அது ‘ஆகக் குறைந்தது’. எங்கட பரிந்துரையும் அதுதான்: எழுத்து இருக்கிற பெட்டிக்கு அடியெல்லை போடுங்கோ, உச்சவரம்பு போடாதேங்கோ. குறைந்த உயரம் 48, அதுக்கு மேல சொல் கேட்கிற அளவு. பக்கத்துப் பக்கமாக இரண்டு பட்டன் காணாவிட்டால் ஒன்றுக்குக் கீழ் ஒன்றாக இறங்க விடுங்கோ. “டிசைன் குலையும்” என்பார்கள். குலையட்டும். வாசிக்க ஏலாத வடிவான பட்டனால் ஆருக்கு என்ன பயன்?

இன்னொரு பதிலும் வரும்: “தமிழைக் கட்டையாக எழுதலாமே.” இதில் நியாயம் இருக்கு. “கட்டணத்தை இரத்துச்செய்” என்பதற்குப் பதிலாக “வேண்டாம்” எண்டு போட்டிருந்தால் அம்மா குழம்பியிருக்க மாட்டா. பட்டனில் பெயர்ச்சொல்லைத் திரும்பத் திரும்ப எழுதாமல் வினையை மட்டும் எழுதுவது நல்ல பழக்கம். ஆனால் ஒரு மொழியை இன்னொரு மொழிக்கு வெட்டின பெட்டிக்குள் அடக்கிறதற்காகச் சுருக்குவது நல்ல பழக்கமில்லை. எவ்வளவு சுருக்கினாலும் எழுத்தை 200 வீதம் ஆக்கிற ஒரு ஆள் வரத்தான் செய்வார்.

1987 இன் 13ஆம் திருத்தத்தோடு தமிழும் இந்த நாட்டின் அரச கரும மொழி. பெயர்ப்பலகையில், பஸ்ஸில், அலுவலக வாசலில் தமிழைப் பிழையாக எழுதியிருந்தால் படம் எடுத்துப் போட்டுக் கோபப்படுகிறம். அந்தக் கோபம் நியாயமானது. ஆனால் கையில இருக்கிற போனில் ஒவ்வொரு நாளும் பாதியில் வெட்டுப்படுகிற சொல்லுக்கு நாங்கள் கோபப்படுறதில்லை. மொழியை மாற்றிவிட்டுப் போகிறம். அப்படி மாற்றுகிற ஒவ்வொரு ஆளும், “தமிழை ஆரும் பாவிக்கிறதில்லை” என்று அடுத்த முறை சொல்லப்போகிறவருக்கு ஒரு கணக்கைக் கொடுக்கிறார்.

செயலி செய்யிற நண்பர்களுக்கு ஒரு சின்ன வேலை. கையில் கிடைக்கிற ஆகச் சின்னப் போனை எடுங்கோ. மொழியைத் தமிழாக்குங்கோ, எழுத்தை ஆகப் பெரிசாக்குங்கோ. பிறகு உங்கட செயலியில் ஒரு வேலையை ஆரம்பத்தில் இருந்து முடிவு வரை செய்து பாருங்கோ. பத்து நிமிசம் காணும். வடிவமைக்கும்போதே இங்கிலிசுக்குப் பதிலாகத் தமிழ்ச் சொல்லைப் போட்டு வரைந்தால் அந்தப் பத்து நிமிசமும் மிச்சம்.

செயலி செய்யாத நண்பர்களுக்கும் ஒன்று. வெட்டுப்பட்ட சொல்லைக் கண்டால் திரையைப் படம் எடுத்து அந்தச் செயலியின் மதிப்பீட்டுப் பகுதியில் எழுதுங்கோ, செய்தவர்களுக்கு அனுப்புங்கோ. தமிழிலேயே எழுதுங்கோ.

அந்த அம்மாவின் போன் இப்ப இங்கிலிசில்தான் இருக்கு. பில் கட்டேக்க மகள் பக்கத்தில் இருக்க வேண்டும்.