சீறும் எண்கள், ஊரும் கார்கள்

திருவனந்தபுரம், கேசவதாசபுரம் சந்திப்பு. மாலை ஆறரை மணி. ஆட்டோவுக்கும் அரசு பஸ்ஸுக்கும் நடுவே, 150 குதிரை சக்தி கொண்ட டர்போ கார் ஒன்று முதல் கியரில் ஊர்ந்துகொண்டிருக்கிறது. டெக்னோபார்க்கில் வாங்கும் முதல் பெரிய சம்பளத்தில் பல இளைஞர்கள் கனவு காணும் ரகம் இது. கார் வந்து சில மாதங்களில் அடுத்த ஆசையும் வந்துவிடுகிறது: இன்னும் 30 குதிரையைப் பூட்டினால் என்ன?

பூட்டும் முன் கணக்குப் பார்ப்பது நல்லது. கார் விளம்பரங்களில் பெரிய எழுத்தில் வருவது குதிரை சக்தி; சின்ன எழுத்தில் வருவது டார்க் என்ற முறுக்குவிசை. நம் ஊர் ஓட்டுநர்கள் 'பிக்கப்' என்று சொல்வது பெரும்பாலும் இந்த இரண்டாவதைத்தான். டார்க்கை எஞ்சினின் நிமிடச் சுழற்சியால் பெருக்கி, சுமார் 7,024-ஆல் வகுத்தால் குதிரை சக்தி கிடைக்கும். சுழற்சி ஏறினால்தான் குதிரைகள் கூடும்.

ஃபோக்ஸ்வேகன் வெர்ட்டஸ் ஜிடி-யின் 1.5 லிட்டர் எஞ்சினை எடுத்துக்கொள்ளலாம். அதன் உச்ச டார்க்கான 250 நியூட்டன் மீட்டர் 1,600 சுழற்சியிலேயே வந்துவிடுகிறது. அப்போது உழைப்பவை 57 குதிரைகள் மட்டுமே. 150-ஐயும் பார்க்க 5,000 சுழற்சி வேண்டும். கேரளத்தில் நகரச் சாலைகளில் காருக்கு வேக வரம்பு 50 கிலோமீட்டர். போக்குவரத்து விதிமீறல்களைக் கண்காணிக்க 2023 ஜூன் முதல் மாநிலமெங்கும் கேமராக்கள். ஆக, காசு கொடுத்து வாங்கிய குதிரைகளில் பாதிக்கு மேல் லாயத்திலேயே நிற்கின்றன.

இன்னொரு உதாரணம் கோயம்புத்தூரில் பிறந்தது. டாடாவும் ஜெயெம் ஆட்டோமோட்டிவ்ஸும் கூட்டாக 2018-ல் கொண்டுவந்த டியாகோ ஜேடிபி 1.2 லிட்டரில் 114 குதிரை, 150 நியூட்டன் மீட்டர் தந்தது. எஞ்சினோடு நிறுத்தாமல் கியர் விகிதம், சஸ்பென்ஷன், டயர் எல்லாவற்றையும் சேர்த்து மாற்றினார்கள். விற்பனை 2020-ல் முடிந்துவிட்டாலும், ஒன்றைக் கூட்டினால் மற்றவற்றையும் கூட்ட வேண்டும் என்ற பாடம் அதில் இருக்கிறது. எதிர்முனையில், 2025-ல் வெறும் 100 கார்களாக வந்த ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ்: 265 குதிரை, 370 நியூட்டன் மீட்டர். அத்தனையும் முன் சக்கரங்கள் இரண்டுக்கு மட்டும்.

ஏழு குன்றுகளின் நகரம் என்று பெயர் பெற்ற திருவனந்தபுரத்தில் அன்றாடச் சோதனை வேறு மாதிரி. வெளியேறும் புகையின் விசையால்தான் டர்போ சுழல்கிறது. சுழற்சி 1,500-க்குக் கீழே இருந்தால் போதிய புகை இல்லை. ஏற்றத்தில் சின்ன டர்போ எஞ்சின் சோர்ந்து நிற்கும், பிறகு திடீரென்று பாயும். அதிக சக்திக்காகப் பெரிய டர்போவை மாட்டினால் இந்தத் தயக்கம் இன்னும் நீளும். களியக்காவிளை வழியாக நாகர்கோவில் போகும் நெரிசலான சாலையில் அது தொல்லை. பொன்முடியின் 22 கொண்டை ஊசி வளைவுகளில், இரண்டு பருவமழையும் நனைக்கும் சாலையில், ஆபத்து.

எஞ்சின் கம்ப்யூட்டரின் மென்பொருளை மாற்றி டர்போ அழுத்தத்தைக் கூட்டுவதுதான் 'ரீமேப்'. சில மணி நேர வேலை. பலனும் உடனே தெரியும். விலை பின்னால் வரும். வெர்ட்டஸ் ஜிடி-யின் ஆட்டோமேட்டிக் வகையில் இருக்கும் ஏழு கியர் உலர் கிளட்ச் பெட்டி தாங்கும் அளவே 250 நியூட்டன் மீட்டர்தான். எஞ்சின் தருவதும் அதே 250. மிச்சம் வைக்காத இடத்தில் கூடுதல் சுமை ஏற்றினால், அதுவும் நெரிசலில் கிளட்ச் சூடேறிக் கிடக்கும்போது, முதலில் தேய்வது எது என்று சொல்ல வேண்டியதில்லை. வாரண்டியும் போகும்.

சட்டமும் குறுக்கே நிற்கிறது. கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது: தயாரிப்பாளர் குறித்த அடிப்படை விவரங்களிலிருந்து வண்டி மாறக் கூடாது. குதிரை சக்தி ஆர்.சி.யில் பதிவாகும் விவரங்களில் ஒன்று. அதே ஆண்டு திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டம், அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்கிறது. இவற்றைவிடப் பெரிய இடி விபத்துக்குப் பிறகு விழலாம். சொல்லாமல் செய்த மாற்றத்தைக் காட்டி, காரின் சேதத்துக்கான இழப்பீட்டை இன்ஷூரன்ஸ் கம்பெனி மறுக்க வழியுண்டு. மாதத் தவணை மட்டும் நிற்காது.

வேகத்தின் மீது ஆசைப்படுவது குற்றமல்ல. டார்க் எந்தச் சுழற்சியில் தொடங்குகிறது, எதுவரை நிலைக்கிறது, கியர் பெட்டி எவ்வளவு தாங்கும் என்று ஷோரூமிலேயே கேட்டு, வேண்டிய சக்தியைக் கம்பெனியிடமே வாங்குவது புத்திசாலித்தனம். கேசவதாசபுரத்தில் பச்சை விளக்கு எரியும்போது முதலில் நகர்வது அதிகக் குதிரைகள் கொண்ட கார் அல்ல. முன்னால் இடம் கிடைத்த கார்.