முறுக்குக் கூடைக்கும் எல்லைக்கோடா?

ஒரே நாடு, ஒரே வரி என்னும் முழக்கத்தோடு 2017 சூலை முதல் நாள் சரக்குப் பணிவரி நடைமுறைக்கு வந்தது. அரசு ஏடுகள் இதனைச் சரக்கு மற்றும் சேவை வரி என்று குறிக்கும். மாநில எல்லைகளில் நின்ற வணிகவரிச் சாவடிகள் எடுக்கப்பட்டன. சரக்குந்துகள் அங்கே நாள்கணக்கில் காத்துக்கிடந்த நிலை மாறிற்று. நன்று. ஆனால், சாலையிலிருந்து அகற்றப்பட்ட அத்தடைக்கட்டை சிறுதொழிலரின் கணக்கேட்டுக்குள் நடப்பட்டிருப்பதை நம்மில் எத்தனை பேர் அறிவர்?

கடலூரில் முறுக்கும் அதிரசமும் செய்து விற்கும் ஓர் அம்மையாரை எண்ணிப் பாருங்கள். ஆண்டு முழுமைக்கும் அவர் விற்பனை 8 இலக்க உருபா என்று கொள்வோம். சிதம்பரத்துக்கும் விழுப்புரத்துக்கும், ஏன், கன்னியாகுமரிக்கே அனுப்பினாலும் அவர் வரித்துறையில் பதிந்துகொள்ள வேண்டுவதில்லை. பொருள் விற்போர்க்குத் தமிழ்நாட்டில் 40 இலக்கம் வரை அவ்விலக்கு உண்டு. ஆனால், இருபது கல்லுக்கும் குறைந்த தொலைவிலுள்ள புதுச்சேரிக் கடையொன்றுக்கு ஒரேயொரு கூடை முறுக்கை விற்று அனுப்புவாராயின் அவ்விலக்கு அற்றுப்போகிறது! புதுச்சேரி வேறு ஆட்சிப்பகுதி. ஆகவே அது மாநிலங் கடந்த விற்பனை. வரிக்குரிய பொருளை மாநிலங் கடந்து விற்பவர், விற்றது நூறு உருபாவுக்கே ஆயினும், பதிந்தே ஆதல் வேண்டும் என்கிறது சட்டத்தின் 24ஆம் பிரிவு.

பதிந்தபின் அந்த ஒரு கூடைக்கு மட்டுமா வரி? இல்லை. கடலூரிலேயே விற்கும் முறுக்குக்கும் சேர்த்து வரி வாங்கிக் கட்ட வேண்டும். 5 விழுக்காடு என்றால் 8 இலக்கத்துக்கு 40,000 உருபா. எண்ணெய் முதலியவை வாங்கியபோது கொடுத்த வரியைக் கழித்துக்கொள்ளலாம் எனினும், அவர்தம் கையுழைப்பால் கூடிய மதிப்பு முழுவதும் வரிக்கு ஆட்படுகிறது. 1 விழுக்காடு மட்டும் கட்டும் இணக்கவரி முறையும் அவர்க்கு இல்லை. மாநிலங் கடந்து விற்போர்க்கு அக்கதவு சாத்தப்பட்டுள்ளது. கணக்கரை அமர்த்தும் செலவு வேறு.

புதுச்சேரியோ தமிழ்நாட்டுச் சிற்றூர்களுக்கிடையே பல துண்டுகளாகச் சிதறிக் கிடக்கும் நிலம். காரைக்காலுக்குக் கடல்புறம் நீங்கலாக எப்புறமும் தமிழ்நாடே. 1954இல் பிரெஞ்சுக்காரர் விட்டுச் சென்ற கோட்டை இன்று ஒரு முறுக்குக் கூடை தாண்ட முடியவில்லை.

இக்குறை புதிதன்று. 1956ஆம் ஆண்டின் நடுவண் விற்பனைவரிச் சட்டத்திலும் மாநிலங் கடந்து விற்போர்க்கு விற்பனை வரம்பு இருந்ததில்லை. அக்காலத்தில் வாங்குபவர்க்கும் தொல்லை இருந்தது. அவர் தம் மாநில வரி அலுவலகத்தில் 'சி' படிவம் பெற்று விற்றவர்க்கு அனுப்ப வேண்டும்; தவறினால் மிகுந்த வரி. படிவம் கொடுத்தோர்க்கு 1975 முதல் 4 விழுக்காடாக இருந்த அவ்வரி 2008இல் 2 ஆகக் குறைந்தது. எனினும் வாங்கியவர் அதனைக் கழித்துக்கொள்ள இயலாது; அது விலையோடு விலையாய் ஒட்டிக்கொண்டது.

இன்று அந்நிலை மாறியுள்ளது என்பதை மறைப்பதற்கில்லை. சூரத்திலிருந்து ஓர் இலக்க உருபாவுக்குத் துணி வாங்கும் ஈரோட்டு வணிகர் 5,000 உருபா ஒருங்கிணைந்த வரியாகச் சேர்த்துக் கொடுக்கிறார். தாம் விற்கும்போது கட்ட வேண்டிய வரியில் அதனைக் கழித்துக்கொள்கிறார். பதிவில்லாதவர்க்கும் இணக்கவரியினர்க்கும் இக்கழிவு இல்லை. அவர்க்கு அந்த 5,000 உருபா அடக்கவிலையிலேயே ஏறிவிடும். ஆக, எளியவனுக்கே துணியின் விலை கூடுதல்.

பதிந்தவர் நிலையாவது உறுதியானதா? சூரத்து வணிகர் தம் கணக்கில் இவ்விற்பனையைக் காட்டினால்தான் ஈரோட்டாருக்குக் கழிவு கிடைக்கும். 2022 சனவரி முதல் இது சட்டமாகவே இறுகிவிட்டது. கணக்கில் காட்டிவிட்டு வரியைக் கட்டாமல் விட்டாலும், எடுத்த கழிவை இவர் திருப்ப வேண்டும். விலைப்பட்டியும் வைத்திருக்கிறார், பணத்தை வங்கி வழியாகவே அனுப்பியிருக்கிறார், பொருளும் கடையில் இருக்கிறது. இருந்தும் அயலான் தவற்றுக்கு இவர் தண்டம்! பக்கத்துத் தெருவில் உள்ள வணிகர் என்றால் வாயிலில் நின்று கேட்கலாம். ஆயிரங் கல்லுக்கு அப்பால் உள்ளவனை எங்கே போய்த் தேடுவது? பெரிய குழுமங்களோ, விற்பவர் வரி கட்டும்வரை அப்பங்குத் தொகையைப் பிடித்து வைத்துக்கொள்கின்றன. சிறுவணிகர் அப்படிச் சொன்னால் சரக்கே வராது.

சிறுவிற்பனையாளர்க்கு எல்லை கடக்க இசைவு அளித்தால் வரி ஏய்ப்புப் பெருகும் என்பர் அதிகாரிகள். அப்படியாயின், பணிகள் வழங்குவோர்க்கு 2017 அக்டோபரிலேயே 20 இலக்கம் வரை அவ்விசைவை அளித்தது எங்ஙனம்? குறித்த சில கைவினைப் பொருள்களுக்கும் அதே விலக்கு உண்டே! மண்குதிரைக்கு உள்ள உரிமை முறுக்குக்கு ஏன் இல்லை? 2023 அக்டோபர் முதல் பதிவில்லாதாரும் மின்வணிகத் தளங்களில் விற்கலாம் என்றனர். அதிலும் தம் மாநிலத்துக்குள் மட்டுமே என்று கோடு கிழித்துவிட்டனர்.

இதனை மாற்றப் பரிந்துரைக்க வேண்டியது சரக்குப் பணிவரி மன்றம். அங்கே நடுவணரசின் வாக்குக்கு மூன்றில் ஒரு பங்கு மதிப்பு. மாநிலங்கள் அனைத்துக்கும் சேர்த்து மூன்றில் இரண்டு. தீர்மானம் நிறைவேற நான்கில் மூன்று பங்கு வேண்டும். மாநிலங்களெல்லாம் ஒன்றாய் நின்றாலும் நடுவணரசு இசையாமல் ஒன்றும் நடவாது என்பதே இக்கணக்கின் பொருள். ஆயினும் கேட்பதற்குத் தடையில்லை. தமிழ்நாட்டுக்கும் புதுச்சேரிக்கும் அம்மன்றத்தில் தனித்தனி இருக்கைகள் உண்டு. இரு அரசுகளும் இணைந்து, பொருள் விற்போர்க்குரிய விலக்கு வரம்பு எல்லைக்கு இப்புறமும் அப்புறமும் ஒன்றாகவே இருக்க வேண்டும் என்றும், விலைப்பட்டியும் வங்கிச் சான்றும் காட்டுபவரிடம், விற்றவனைத் துரத்திப் பிடிக்கும் முன்னர்க் கைவைத்தல் கூடாது என்றும் தீர்மானம் கொணர வேண்டும். கடலூர், விழுப்புரம், நாகை வட்டார வணிகர் சங்கங்கள் இக்கோரிக்கையை இரு நிதியமைச்சர்க்கும் இப்போதே எழுதி அனுப்புக.