ஆட்டத்தை எடுப்பதற்கு முன்

உக்கடத்தில் லேத் பட்டறை போடுவதற்கு முன், உரிமம் பெற்ற துப்பாக்கிக் கடையொன்றில் பழுது பார்த்தவன் நான். அதைக் கேள்விப்பட்டு இன்றும் சிலர் வருகிறார்கள். கையில், தங்கள் பாட்டனார் வால்பாறை எஸ்டேட்டில் வைத்திருந்த ரிவால்வர். பெரும்பாலும் பர்மிங்காமில் செய்த வெப்ளி. "ஏனுங்ணா, உருளை லொடலொடங்குது. ஒரு வாஷரப் போட்டு ஆட்டத்த எடுத்துக் குடுங்க" என்பார்கள். முடியாது என்று அனுப்பிவிடுவேன். 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 5-ஆவது பிரிவுப்படி, பழுது பார்க்கவே தனி உரிமம் வேண்டும். சட்டம் இல்லாவிட்டாலும் செய்யமாட்டேன். எது ஆடுகிறது என்று தெரியாமல் இறுக்குவது ஆளைக் கொல்லும் வேலை.

உருளையின் ஒவ்வொரு அறையிலும் குண்டு இல்லை என்று கண்ணால் பார்த்த பிறகே சோதனை. உருளை முன்னும் பின்னும் நகர்ந்தால், அச்சும் அது உட்காரும் இடமும் தேய்ந்திருக்கின்றன. பக்கவாட்டில் திரும்பினால், நிறுத்தும் கொக்கியோ உருளையிலுள்ள வெட்டோ தேய்ந்திருக்கிறது. விசையை விட்ட நிலையில் லேசாகத் திரும்புவது பல பழைய மாதிரிகளில் குறையே அல்ல. சுத்தியலைக் கட்டைவிரலால் தாங்கி இறக்கி, விசையை விடாமல் இழுத்துப் பிடித்துக்கொண்டு பார்க்க வேண்டும். அப்போதும் தாராளமாகத் திரும்பினால் அறையும் குழலும் நேராக நிற்காது. சுட்டால் குண்டின் ஓரம் சீவப்பட்டு, ஈயச் சில்லு பக்கத்தில் நிற்பவர் முகத்தில் தெறிக்கும்.

இந்த வெப்ளிகள் பெரும்பாலும் நடுவில் மடிந்து திறப்பவை. உருளை ஆடுகிறதென்று கடைக்கு வந்த சிலவற்றில், ஆடியது கீல் ஆணியும் மேல் பூட்டும்தான். ஒரு கையில் குழலையும் மறு கையில் பிடியையும் பற்றி அசைத்தால் விரலுக்கே தெரியும். அதற்குப் போய் உருளையில் வாஷர் போட்டால் உருளை உரசத் தொடங்கும். கீல் ஆடிக்கொண்டேதான் இருக்கும்.

"நூறு வருசப் பொருளுக்கு எதுக்குங்க உரிமம்?" என்று கேட்பவர்கள் அதே சட்டத்தின் 45-ஆவது பிரிவைப் படிக்கட்டும். பழுது பார்த்தாலும் சுட முடியாத பழம்பொருளுக்குத்தான் விலக்கு.

உரிமம் புதுப்பிக்கும் சமயத்தில், காவல் துறை ஆர்மரர் ஒருவர் பழைய ரிவால்வர்களில் உருளையின் முன்பின் ஆட்டம், பக்கவாட்டு ஆட்டம், கீல் ஆட்டம் ஆகிய மூன்றையும் அளந்து உரிமப் புத்தகத்திலேயே எழுதித் தர வேண்டும். அளவுக் கருவிகளும் சில நிமிடங்களும் போதும். அளவு மீறியது சுடத் தகாதது என்று அதிலேயே முத்திரை வைக்கட்டும்.