அவன் சாட்சியுமா பொய்?

1997 டிசம்பர் 1 இரவு பீகாரின் லட்சுமண்பூர் பாத்தேயில் ரணவீர் சேனா 58 தலித்துகளைக் கொன்றது. கீழ்க்கோர்ட்டு 2010இல் 26 பேரைத் தண்டித்தது. 2013இல் பாட்னா உயர்நீதிமன்றம் அத்தனை பேரையும் விட்டுவிட்டது. உயிர் தப்பிய சனங்களின் சாட்சி நம்பும்படியா இல்லையாம்.

சரி. 2015இல் கோப்ராபோஸ்ட்டின் ரகசியக் கேமரா முன்னால் சேனாக்காரர்களே வாய் திறந்தார்கள். எப்படிக் கொன்றோம், யார் உதவினார்கள் எல்லாம் சொன்னார்கள். தோழர்களே, அது பாவமன்னிப்பு இல்லை; பெருமையடிப்பு. சேனாவின் அரசியல் தொடர்பைத் தோண்டிய அமீர் தாஸ் கமிஷனை 2006இலேயே கலைச்சாச்சு. அப்புறம் அவனுக்கென்ன பயம்?

ஒத்தைக் கைநாட்டை வச்சு ஏழை வீட்டை ஜப்தி பண்ற சட்டத்துக்கு, கொலைகாரன் வாயாலே சொன்னது மட்டும் காதில் விழலையா? நம்ம சாட்சி பொய்; அவன் சாட்சியுமா பொய்?