நமக்கென்ன?

ஆரம்பாக்கம் வழியே ஓடும் சூலூர்ப்பேட்டை ரயிலில் ஒருவன் புகை விடுகிறான், குழந்தை இருமுகிறது, பெட்டியே மௌனம் சாதிக்கிறது. 'நமக்கென்ன?' என்பதே அம்மௌனத்தின் பொருள்!

அடக்கமா அது? அல்ல தோழர்களே, அச்சம் என்கிறோம் நாம்! 1989-ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 167-ஆம் பிரிவு, உடன்பயணி ஒருவர் ஆட்சேபித்தாலே புகைத்தல் கூடாது என்றது. சட்டமே சாமானியனின் நாவை நம்பி நின்றது, நாவோ உறங்குகிறது!

முழுதும் உறங்கவில்லை. கும்மிடிப்பூண்டி ஆலைக்கு வந்த வடபுலத் தொழிலாளி பீடி பற்றவைத்தால் அத்தனை நாவும் விழிக்கும். வெள்ளை வேட்டிக்காரர் சிகரெட் பிடித்தாலோ அத்தனையும் அடங்கும்! எளியவனிடம் சீறி, வலியவனிடம் குழைவது ஒழுங்கு காப்பதன்று. பழைய மேல்-கீழ்ப் புத்தியே!

கை ஓங்க வேண்டாம், வசை வேண்டாம். 'அணையுங்கள், ஐயா' என்ற இரு சொல் போதும். அதை ஆளுக்கேற்ப அளக்காமல் சொல்லும் துணிவே நாம் வேண்டும் சுயமரியாதை!