எந்தத் தையல் உறுதியானது?

குதிகால் தசைநாண் அறுந்து எங்கள் பிரிவுக்கு வருவோரின் உறவினர்கள், ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திடும் முன் பெரும்பாலும் ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள்: "டாக்டர், எந்த முறையில் தைத்தால் மறுபடியும் அறாது?" சிலர் வெளிநாட்டு விளையாட்டு வீரர் ஒருவருக்குச் செய்த சிகிச்சையின் காணொலியை அலைபேசியில் காட்டி, நகையை அடகு வைத்தாவது அதே கருவியை வரவழைக்கலாம் என்கிறார்கள். கேள்வியில் தவறில்லை, ஆனால் அது முதற்கேள்வியாக இருக்கலாகாது என்பதே எங்கள் கருத்து.

இப்பகுதியில் 'குதிகால் நரம்பு' என்று பலரும் சொல்லும் இது நரம்பு அன்று. கெண்டைக்கால் தசைகளைக் குதிகால் எலும்புடன் பிணைக்கும் அக்கிலீஸ் தசைநாண். உடலிலேயே தடித்த நாண் இதுதான். ஓடும்போது உடல் எடையைப் போலப் பன்னிரண்டு மடங்கு வரை இழுவிசையைத் தாங்குகிறது. எலும்பில் சேரும் இடத்திற்கு 2 முதல் 6 செ.மீ. மேலே இதற்கு இரத்த ஓட்டம் குறைவு. பெரும்பாலும் அறுவதும் அங்கேதான்.

தையல் முறைகளில் வேறுபாடு உண்டு என்பது உண்மை. நாண் என்பது நீளவாக்கில் அடுக்கிய இழைகளின் தொகுப்பு; வாழைநார்க் கட்டு போன்றது. அதில் நூலை வெறுமனே செருகி இழுத்தால் இழைகளுக்கிடையே வழுகி வந்துவிடும். கெஸ்லர், பன்னல் ஆகிய பழைய முறைகளில் இந்தக் குறை ஓரளவு உண்டு. 1986இல் கிராக்கோ வெளியிட்ட முறையில் நூல் நாணின் இரு விளிம்புகளிலும் வளையம் வளையமாகப் பூட்டிக்கொண்டே செல்கிறது. இழுக்க இழுக்க இழைகளை இறுகக் கவ்வுகிறது. இறந்தோர் உடலிலிருந்து எடுத்த நாண்களை இழுத்துப் பார்த்த 1995ஆம் ஆண்டு ஆய்வில் கிராக்கோ முறை மற்ற இரண்டையும்விட உறுதியாக நின்றது. நூலின் தடிமனும், அறுந்த இடத்தைக் கடக்கும் நூலிழைகளின் எண்ணிக்கையும் கூடினால் வலிமையும் கூடும். நாங்களும் திறந்து தைக்கும்போது பூட்டுத் தையலையே போடுகிறோம்.

ஆனால் ஆய்வுக்கூட நாணுக்குத் தோல் இல்லை, சர்க்கரை நோய் இல்லை, சீழ் பிடிப்பதில்லை. குதிகாலின் பின்புறத் தோலோ மெல்லியது. அதற்கடியில் முடிச்சுகளைக் குவித்தால் காயம் ஆறாமல் போகலாம். மிக உறுதியாகத் தைத்த நாணும் நீண்ட நிலையில் ஆறிவிட்டால், அந்தக் காலின் நுனிவிரலில் ஊன்றி எழும்ப இயலாது.

நார்வேயில் நடந்து 2022இல் வெளியான ஆய்வு ஒன்றை நாங்கள் அடிக்கடி எடுத்துக்காட்டுவதுண்டு. திறந்து தைத்தல், சிறு துளை வழித் தைத்தல், தைக்காமலே கட்டுப்போட்டுப் பயிற்சி அளித்தல் என மூன்று பிரிவாக 526 பேரை ஒப்பிட்டார்கள். ஓராண்டு கழித்துக் காலின் பயன்பாட்டில் மூன்று பிரிவினருக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. மீண்டும் அறுந்தது, தைக்காதவர்களில் 6.2 விழுக்காடு, தைத்த இரு பிரிவிலும் 0.6 விழுக்காடு. நரம்பு பாதிப்பு, சிறு துளை வழியில் 5.2 விழுக்காடு, திறந்து தைத்ததில் 2.8, தைக்காதவர்களில் 0.6.

இந்த எண்களை ஒவ்வொருவரும் தத்தம் பிழைப்போடு சேர்த்துப் படிக்க வேண்டும். தென்னை ஏறும் தொழிலாளிக்கும், இராஜாக்கமங்கலம் துறையில் அலையில் இறங்கிப் படகு தள்ளுபவருக்கும் நூற்றில் ஆறு என்பது சிறிய எண் அன்று. அவர்களுக்குத் தைப்பதையே பரிந்துரைக்கிறோம். எழுபது வயதாகி, சர்க்கரை கட்டுப்படாமல், வீட்டளவில் நடமாடும் ஒருவர் உடனே வந்துவிட்டால், கத்தியைத் தொடாமல் இருப்பதே பெரும்பாலும் நல்லது.

நம் நாட்டில் காணப்படும் காயம் ஒன்றும் உண்டு. இந்திய முறைக் கழிப்பறையில் கால் வழுக்கி, உடைந்த பீங்கான் விளிம்பு குதிகாலுக்கு மேலே வெட்டிவிடும். வெளியே சிறு கீறலாகத் தெரியும். உள்ளே நாண் முழுதும் அறுந்திருக்கும். தோலை மட்டும் தைத்து வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்கள் எங்களிடம் வந்திருக்கிறார்கள். அங்கே முடிவை நிர்ணயிப்பது தையலின் பெயர் அன்று, காயத்தை எவ்வளவு விரைவாக, எவ்வளவு நன்றாகக் கழுவினோம் என்பதே.

விலை உயர்ந்த கருவியால் காலத்தை வாங்கிவிடவும் முடியாது. கிரிக்கெட் வீரர் முகமது ஷமிக்குக் குதிகால் நாண் காயத்திற்காக 2024 பிப்ரவரியில் இங்கிலாந்தில் அறுவை சிகிச்சை நடந்தது. அவர் மீண்டும் போட்டியில் பந்து வீசியது நவம்பரில்தான்.

ஆகவே எங்களிடம் முதலில் கேளுங்கள்: கட்டை எப்போது பிரிப்பீர்கள், கால் ஊன்றுவது என்றைக்கு, பயிற்சியை யார் கற்றுத் தருவார், காயம் நனைந்தாலோ சிவந்தாலோ யாரை அழைப்பது? நகையை அடகு வைப்பதைப் பற்றி அதன்பின் பேசலாம். பெரும்பாலானோருக்கு அது தேவைப்படாது.

இன்னொன்று. பின்னாலிருந்து யாரோ உதைத்தது போன்ற உணர்வுடன் குதிகாலில் வலி வந்தால், நடக்க முடிகிறதே என்று எண்ணெய் தேய்த்துக் காத்திருக்க வேண்டாம். குப்புறப் படுக்க வைத்துக் கெண்டைக்காலை அழுத்தும்போது பாதம் அசையாவிட்டால் நாண் அறுந்திருக்கக்கூடும். ஆறு வாரம் கழித்து வருபவருக்கு அறுந்த முனைகள் விலகிச் சுருங்கியிருக்கும். பெரும்பாலும் பெருவிரலை மடக்கும் நாணை எடுத்து அந்த இடைவெளியைச் சரிசெய்ய வேண்டியிருக்கும்.